ஒன்றுபோல் தோன்றும் இரண்டு முட்கள்



இந்த இடுகை பாடநூலைப் பற்றியதன்று. தேர்வைப் பற்றியதும் அன்று. தூண்டில் முள்ளைப் பற்றியது. தொடக்கப்பள்ளித் தமிழாசிரியனுக்குத் தூண்டிலில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பினாங்குத் தீவில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் அயலானது அன்று. எஸ்பிளனேட் கடற்சுவரிலும் பெங்காலான் வெல்ட் படகுத்துறைகளிலும் மாலை வேளைகளில் தூண்டிலோடு நிற்போரைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். அவர்களுள் சீனரும் உண்டு, மலாய்க்காரரும் உண்டு, நம்மவரும் உண்டு. என் தாய்மாமாவும் அவர்களுள் ஒருவர்.

மீனுக்கு இடும் இரை இருவகைப்படும். இறால், புழு, கணவாய்த் துண்டு முதலியவை மெய்யிரை. இறகு, நூல், பளபளக்கும் இழை ஆகியவற்றை முள்ளின்மேல் கட்டி, பூச்சி போலவோ இறால் குஞ்சு போலவோ தோன்றச் செய்வது பொய்யிரை. இப்பொய்யிரையை நீரின்மேல் மிதக்கும்படி கட்டினால் ‘டிரை ஃபிளை’ என்றும், நீருக்குள் அமிழும்படி கட்டினால் ‘வெட் ஃபிளை’ என்றும் ஆங்கிலேயர் அழைப்பர். முன்னதை மிதவைப்பூச்சி என்றும் பின்னதை அமிழ்பூச்சி என்றும் நாம் வழங்கலாம் என்பது என் கருத்து. மிதவைப்பூச்சிக்கு மெல்லிய கம்பியாலான முள்ளும் சேவலின் விறைப்பான கழுத்திறகும் வேண்டும். அமிழ்பூச்சிக்கு அதனினும் கனத்த முள்ளும், நீரை உறிஞ்சிக்கொள்ளும் பெட்டைக்கோழியின் மென்மையான இறகும் வேண்டும்.

இக்கலை தமிழ் மண்ணில் கால்கொண்டது நீலகிரியில். அங்குள்ள ஓடைகளில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனை வளர்க்க 1860களில் ஃபிரான்சிஸ் டே என்பவர் முயன்றார், அம்முயற்சி நிலைபெறவில்லை. 1907ஆம் ஆண்டில் வில்சன் என்பவரின் பொறுப்பில் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை அமைந்த பிறகே டிரவுட் அங்கு நிலைத்தது. அதற்கு முன்பே, 1873இல், சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த எச்.எஸ். தாமஸ் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவது பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார். அந்நூலில் அவர் பெரிதும் போற்றிய மாசீர் மீனின் உறவினம்தான் நம் நாட்டு ஆறுகளில் வாழும் கெலா.

பினாங்கில் டிரவுட் இல்லை. ஆயினும் அமிழ்பூச்சியின் நெருங்கிய உறவு ஒன்று நம் கடலில் நாள்தோறும் இறங்குகிறது. அதற்கு ‘அப்பொல்லோ’ என்று பெயர். ஒரே நரம்பில் ஐந்தாறு கிளைகள்; ஒவ்வொரு கிளையிலும் இறகோ மினுமினுப்பான இழையோ கட்டிய ஒரு சிறு முள்; அடியில் ஓர் ஈயக்குண்டு. இதை ஆழத்தில் இறக்கி மெல்ல ஏற்றி இறக்கினால் கெம்போங் மீன்கள் வந்து கவ்வும். நாம் கெம்போங் என்பதைத் தமிழ்நாட்டார் அயிலை என்றும் கும்பளா என்றும் அழைப்பர். மிதக்கும் நுண்ணுயிர்களையும் இறால் குஞ்சு போன்ற சிற்றுயிர்களையும் தின்னும் மீன் அது. ஆகவே இழை மின்னும் சிறு முள்ளை இரை என்றே கருதிவிடுகிறது. மாமா தம் இளமையில் இதை ‘எறகு முள்ளு’ என்றே சொல்வாராம். அப்பொல்லோ என்ற பெயர் அவர் காதில் விழுந்தது பின்னாளில்தான்.

கடையில் கட்டியே விற்கிறார்கள். எனினும் நான் கையால் கட்டுகிறேன். இறகு, சௌராஸ்தா சந்தையில் கோழி விற்பவர் எடுத்து வைத்துத் தருவது. மின்னும் இழைக்கு லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருப்பவர் தரும் சரிகைத் துணுக்குகள். நூலின் முடிச்சு அவிழாமலிருக்க என் துணைவியாரின் நகப்பூச்சில் ஒரு துளி. இவை யாவும் எளிதில் கிடைப்பவை. கடினமானது முள்ளைத் தேர்ந்தெடுப்பதே. ஏனெனில் கடைக்காரர் இரண்டு பொட்டலங்களை எடுத்து வைப்பார். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு நெறி இங்கே துணை செய்கிறது. குழப்பம் தரும் இரண்டைத் தனித்தனியே விளக்காதே. அருகருகே வைத்துக் காட்டு என்பதே அந்நெறி. பனியையும் பணியையும் தனித்தனி நாளில் கற்பித்தால் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நாக்கு எங்கே தொடுகிறது என்று கேட்டால் அவனே வேறுபாட்டைக் கண்டு சொல்வான். முட்களையும் நான் அவ்வாறே செய்கிறேன். கணக்குப் பாடத்திற்குப் பயன்படும் கட்டத்தாளின்மேல் இரண்டையும் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டால், கண்ணுக்குத் தப்பியவை கட்டங்களில் சிக்கிவிடும்.

முதலில் உறுப்புகளின் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். நரம்பைக் கட்டும் துளை கண், நேரான பகுதி தண்டு, அதன்பின் வளைவு, அடுத்து கூர்முனை. தண்டுக்கும் கூர்முனைக்கும் இடைப்பட்ட வெளியை வாயகலம் என்கிறேன். கூர்முனைக்குச் சற்றுப் பின்னால், எதிர்த்திசை நோக்கி நிற்கும் சிறு செதுக்கை எதிர்முள் என்கிறேன். மாட்டிய மீன் நழுவாமல் தடுப்பது அதுவே.

இனி வேறுபாடுகள். வளைவுக்கெனப் பல மரபுகள் உண்டு. வட்ட வளைவு அரைவட்டம் போன்றது. மீன் இழுக்கும் விசையை வளைவு முழுதும் பகிர்ந்துகொள்ளும். லிமெரிக் வளைவு அயர்லாந்து நகரின் பெயர் கொண்டது. தண்டிலிருந்து மெல்லச் சரிந்து, கூர்முனையை நெருங்கும் இடத்தில் சட்டெனத் திரும்பும். ஸ்புரோட் வளைவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அமிழ்பூச்சி கட்டுவோர் நெடுங்காலமாக விரும்பிவருவது இதனையே. ஓ’ஷானசி வளைவும் லிமெரிக்கின் வழிவந்ததே. தடித்த கம்பியில் செய்யப்படுவது. கடல் மீனுக்கு உகந்தது.

அடுத்தது எண். இங்கேதான் கணக்கு தலைகீழாக நிற்கும். 8ஆம் எண் முள்ளைவிட 14ஆம் எண் முள் சிறியது. எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 1ஐக் கடந்தபின் 1/0, 2/0 என்று பெரிதாகிக்கொண்டே போகும். மேலும் ஒருவர் செய்த 8ஆம் எண்ணும் இன்னொருவர் செய்த 8ஆம் எண்ணும் ஒரே அளவினவாய் இருக்கும் என்ற உறுதியில்லை. ஆகவேதான் கட்டத்தாள் வேண்டும் என்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. 1877இலிருந்து முள் செய்துவரும் நார்வே நாட்டு முஸ்டாட் நிறுவனத்தின் 3906 என்னும் வரிசையும் 3906பி என்னும் வரிசையும் அமிழ்பூச்சி கட்டுவோர் நெடுங்காலம் கையாண்டவை. இரண்டும் ஸ்புரோட் வளைவு. இரண்டிலும் கண் கீழ்நோக்கியது. வேறுபாடு ஒன்றே: பின்னதன் தண்டு சற்று நீளம். அந்தச் சிறு நீளத்தால் என்ன ஆகிவிடும்? நீண்ட தண்டில் உடல்பகுதியை மெல்லியதாகவும் நெடியதாகவும் கட்டலாம்; சிறு மீன்குஞ்சு போலத் தோன்றும். பிடித்த மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றவும் கைப்பிடி போல உதவும். ஆனால் அதே நீளம் நெம்புகோலாகவும் வேலை செய்யும். மீன் தலையை உதறும்போது முள் பிடுங்கிக்கொள்ள வாய்ப்பு மிகுதி. குட்டையான தண்டில் கட்டினால் இறால் குஞ்சு போன்ற குண்டு உருவம் கிடைக்கும், பிடிப்பும் உறுதியாகும்.

கம்பியின் தடிப்பும் அவ்வாறே. தடித்த கம்பி விரைந்து அமிழும், எளிதில் நிமிராது. ஆனால் மீனின் வாயைத் துளைக்க வலுவான சுண்டுதல் வேண்டும். மெல்லிய கம்பி தானே ஏறிக்கொள்ளும். பெரிய மீன் இழுத்தால் நிமிர்ந்துவிடும். கெம்போங்கின் வாய் மென்மையானது; முரட்டுத்தனமாகச் சுண்டினால் கிழியும். ஆகவே அதற்கு மெல்லிய கம்பியே தக்கது. பேராக் மாநிலத்துத் தெமெங்கோர் ஏரியில் செபராவ் மீனுக்குக் கட்டும்போது நான் தடித்த கம்பிக்கு மாறிவிடுவேன்.

பூச்சையும் நோக்க வேண்டும். அமிழ்பூச்சி முட்களிற் பெரும்பாலானவை பழுப்பு நிறப் பூச்சுடையவை. ஆற்று நீருக்கென அமைந்தவை. அவை நம் கடல் நீரில் நனைந்து ஓரிரு நாள் பெட்டியில் கிடந்தால் துருவேறிவிடும். கடலுக்கு ஈயமுலாம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகில் செய்ததோ நன்று. அது கிடைக்காவிடில் வீட்டுக்கு வந்ததும் நன்னீரில் அலசி உலர்த்த வேண்டும்.

இரண்டு சோதனைகள் உண்டு. முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல இழுங்கள். வழுக்கிச் சென்றால் கூர் போதாது, பற்றி நின்றால் கூருண்டு. அடுத்து, முள்ளை இடுக்கியில் பற்றித் தண்டைச் சற்று அழுத்தி விடுங்கள். நல்ல முள் மீண்டும் தன் நிலைக்கு வரும். வளைந்தபடியே நின்றால் பதம் குறைவு. முறிந்தால் பதம் மிகுதி. பொட்டலத்தில் ஒன்றை இவ்வாறு பலி கொடுத்துவிடுவது, மீன் மாட்டிய வேளையில் ஏமாறுவதைவிட மேல்.

இவ்வளவும் நூலறிவாலும் பழக்கத்தாலும் வருவன. எஞ்சியிருப்பது எதிர்முள். அதில்தான் எனக்கும் மாமாவுக்கும் பல ஆண்டுகளாக வழக்கு.

மாமாவுக்கு எண்பது வயது. இளமையில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 1969இல் இத்தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை அமைந்தது 1972இல்தான். அவ்விடைக்காலத்தில் கப்பல் வேலை நம்பியிருந்த பல குடும்பங்களில் அடுப்பெரிவது அரிதாயிற்று. மாமாவின் வீட்டில் ஆறு வயிறுகள். பகலில் வேலை தேடி அலைவார். இரவில் கரையோரத்தில் எறகு முள்ளோடு அமர்வார். கிடைத்த மீனில் பாதி குழம்புக்கு. மீதி அக்கம்பக்கத்தில் அரிசிக்கு மாற்று. அக்காலத்தில் அவர் முள் தேர்ந்தெடுத்த முறை மிக எளியது: எதிர்முள் பெரிதாக இருக்க வேண்டும். வளைவு என்ன, தண்டு என்ன என்றெல்லாம் அவர் பார்த்ததில்லை. “தம்பி, தப்பிச்ச மீனு பெருசா சின்னதான்னு நீங்க பேசிக்கலாம். எங்களுக்கு அது ஒரு வேளைச் சோறு” என்பார்.

நான் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுபவன். எனக்கு மாதச் சம்பளம் உண்டு. மீன் இல்லாவிட்டால் அன்று இரவு என் வீட்டில் முட்டை வறுவல், அவ்வளவே. எதிர்முள் இல்லாத முள் நொடியில் கழன்றுவிடும். கைப்பிடி அளவுகூட வளராத மீனை வாய் கிழியாமல், நெடுநேரம் கையில் வைத்திருக்காமல், நீருக்குத் திருப்பி அனுப்ப முடியும். கெம்போங் போன்ற மீன்கள் கைப்பிடியில் நெடுநேரம் இருந்தால் பிழைப்பது அரிது. ஆகவே கழற்றும் விரைவுதான் அவற்றின் உயிர். அதனினும் முதன்மையான காரணம், ஒன்பது வயதான என் மகள். ஐந்தாறு முட்கள் காற்றில் ஆடும் அப்பொல்லோவைக் கையாளும் பிள்ளையின் விரலில் ஒன்று ஏறினால், எதிர்முள் இல்லாதது வந்த வழியே திரும்பும். இருப்பது திரும்பாது.

அண்மைக் காலமாக மாமாவுக்குக் கண் மங்கி, கையும் நடுங்குகிறது. நூலைச் சுற்ற இயலவில்லை. ஆகவே அவருக்கும் நானே கட்டித் தருகிறேன். சனிக்கிழமை காலை மூவரும் செல்வோம். முதன்முறை நான் கட்டித் தந்ததை அவர் விரல்நுனியால் தடவிப் பார்த்தார். கண் செய்யாத வேலையை விரல் செய்தது. எதிர்முள் நசுங்கியிருப்பதைக் கண்டுகொண்டார். சினக்கவில்லை. “இது பசி தெரியாத முள்ளு” என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்துவிட்டார்.

அச்சொல் என்னை விட்டு நெடுநாள் அகலவில்லை. எதிர்முள் நீக்கியது அருள் என்றும், நீக்காதது கொடுமை என்றும் வகுப்பது எளிது. மீன்பிடித்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் அவ்வாறே பேசுகின்றனர். ஆனால் என் அன்னை வளர்ந்தது அந்த ஆறு வயிறுகளுள் ஒன்றாகத்தான். அண்ணன் நழுவ விடாத மீன்களில் அவருடைய பங்கும் இருந்தது. அந்தப் பெரிய எதிர்முள்ளின் நன்மையில் எனக்கும் ஒரு துளி உண்டு என்பதை மறந்துவிட்டு அவருக்கு நான் அறம் உரைக்க இயலுமா?

அதன்பின் மாமாவுக்குரிய வரிசையை எதிர்முள்ளோடு கட்டுகிறேன். மகளுக்கும் எனக்கும் உரியவை நசுக்கியவை. இரண்டும் ஒரே எண், ஒரே வளைவு, ஒரே இறகு, ஒரே சரிகை. பெட்டியில் கலந்துவிட்டால் என்னாலேயே பிரித்தறிய இயலாது. எனவே மாமாவினதற்குச் சிவப்பு நூலிலும் எங்களதற்குப் பச்சை நூலிலும் தலை முடிச்சிடுகிறேன்.

எதிர்முள் இல்லாத முள் பிடிப்பவரிடம் ஒன்றைக் கேட்கும். நரம்பு ஒரு கணமும் தளரக்கூடாது. தளர்ந்தால் மீன் போய்விடும். தொடக்கத்தில் மகள் பல மீன்களை நழுவவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் மாமா நாக்கைத் தட்டுவார். சில வாரங்களில் அவள் கை பழகிவிட்டது. கோலை உயர்த்தியபடி, நரம்பு தொய்யாமல், சீராகச் சுற்றக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் ஒரே இழுப்பில் மூன்று கெம்போங். மூன்றும் மேலே வந்தன. ஒன்று மிகச் சிறியது. அவள் கையை நனைத்துக்கொண்டு அதைக் கழற்றி நீரில் விட்டாள்.

மாமா பார்த்துக்கொண்டிருந்தார். “கை நல்லா இருந்தா எதிர்முள்ளு வேணாந்தான்” என்றார். நான் மகிழ்ந்துபோனேன். சற்று நேரம் கழித்து, தம் நரம்பைப் பார்த்தபடியே சேர்த்துச் சொன்னார்: “ஆனா பசிக்கிறப்ப கை நடுங்கும்.”

திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தில் தூண்டிலை விழுங்கிய மீன் உவமையாக வருவதைத் தமிழ் கற்றோர் அறிவர். அங்கே பொன் என்ற சொல் இரும்பைக் குறிக்கிறது. இரையால் மறைந்திருக்கும் இரும்பை இரை என்றே மீன் எண்ணி விழுங்குவதாக உரையாசிரியர் விளக்குவர். அமிழ்பூச்சி கட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவ்விளக்கம் நினைவுக்கு வரும். இறகும் சரிகையும் மீனுக்காக. அது அவற்றை மட்டுமே காண்கிறது. உள்ளிருக்கும் இரும்பை அறிந்தவன் கட்டுபவன் ஒருவனே. ஆகவே அந்த இரும்பு எத்தகையது என்ற பொறுப்பும் அவனுடையதே.

இரண்டு முட்களுள் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்போருக்கு நான் சொல்வது இதுதான். முதலில் மீனின் வாயை நினையுங்கள். கம்பியின் தடிப்பு முடிவாகும். பிறகு அது தின்னும் இரையை நினையுங்கள். தண்டின் நீளம் முடிவாகும். கட்டிய இறகு வாயகலத்தை அடைத்துவிடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், எண் முடிவாகும். உப்பு நீரா, நன்னீரா என்று பாருங்கள், பூச்சு முடிவாகும். வளைவின் பெயரைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டா. அதில் பாதி பழக்கம். கடைசியாக, இந்த மீன் தப்பிவிட்டால் நான் இழப்பது என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கதை மட்டுமே இழப்பு என்றால் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். ஒரு வேளைச் சோறு இழப்பு என்றால், அதை நசுக்கச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

தூண்டிலின் உறுப்புகளுக்கு நான் மேலே வழங்கிய வாயகலம், எதிர்முள் முதலிய சொற்கள் என் வசதிக்காக அமைத்துக்கொண்டவை. கடலோரத் தமிழரிடையே இவற்றுக்கு இயல்பான வழக்குச் சொற்கள் கட்டாயம் இருக்கும். நாகை, தூத்துக்குடி, யாழ்ப்பாணப் பகுதி அன்பர்களோ, நம் நாட்டுக் கோலக்கெடா, லுமுட் அன்பர்களோ அறிந்தால் மறுமொழியில் தெரிவியுங்கள். அச்சொற்களையே மகளுக்கும் என் மாணவர்களுக்கும் சொல்லித்தர விரும்புகிறேன்.